‘உள்ளே பார்’ என்ற உபதேசத்துக்கு எதிராக

பெங்களூரில் இன்று தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது எது என்று கேட்டால் தண்ணீர் என்று சொல்ல முடியாது. 2024 கோடையில் லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அதை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட மாட்டார்கள். கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு என்றும் சொல்ல முடியாது. ஞானம் என்று தைரியமாகச் சொல்லலாம். கனகபுரா சாலையில் தெற்கே போனால் வாழும் கலை ஆசிரமம். அதே சாலையில் இன்னும் தள்ளிப் போனால் பிரமிட் வேலி. ஜிகினிப் பக்கம் யோகாவுக்கென்றே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒயிட்ஃபீல்டில் சாயிபாபாவின் பிருந்தாவனம். வடக்கே சிக்கபள்ளாபுரத்தில் 2023 ஜனவரியில் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி. இவை பெரிய இடங்கள். இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் மொட்டைமாடிகளில் நடக்கும் வார இறுதி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கணக்கே கிடையாது.

இந்த இடங்களுக்குள் ஆயிரம் வேறுபாடுகள் உண்டு. ஒரு குரு சொல்வதை இன்னொருவர் ஏற்கமாட்டார். எவர் மீதும் இங்கே குற்றப்பத்திரிகை வாசிக்கப் போவதில்லை. அங்கெல்லாம் போய்க் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், தொலைத்த தூக்கத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். என் சண்டை ஒரு நம்பிக்கையோடு. அது ஆசிரம மதில்களைத் தாண்டி ஊரெங்கும் பரவிவிட்டது. எந்த குருவின் படத்தையும் வீட்டில் மாட்டாதவர்கள்கூட அதை நம்புகிறார்கள். நாலே வரியில் சொல்லிவிடலாம்: பிரபஞ்சத்தின் அடிப்படை பிரக்ஞை. நீயும் அந்தப் பிரக்ஞையே. உள்ளே திரும்பிப் பார்த்தால் அது புலப்படும். புலப்பட்டுவிட்டால் உன் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் மூன்று வரிகளை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். உண்மையாகவே இருக்கட்டும். அந்த மூன்றிலிருந்து நான்காவதுக்குப் போக வழி இல்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உண்மை எந்த ஒருவருக்கும் தனியாக எதையும் சொல்வதில்லை. எல்லாம் பிரக்ஞையே என்றால், மாரத்தஹள்ளியில் வேலை பறிபோய் பி.ஜி. அறையில் முடங்கிக் கிடக்கும் இளைஞனும் பிரக்ஞை. அவனுக்கு மின்னஞ்சலில் ஓலை அனுப்பிய அதிகாரியும் பிரக்ஞை. வழக்குப் போடு என்று அந்தப் பேருண்மை அவனிடம் சொல்லாது. ஊருக்குத் திரும்பு என்றும் சொல்லாது. அவன் போராடினாலும் எல்லாம் பிரக்ஞைதான். படுத்துக் கிடந்தாலும் எல்லாம் பிரக்ஞைதான். என்ன செய்தாலும் அப்படியே மாறாமல் இருக்கும் ஒன்று, என்ன செய்வது என்ற கேள்விக்கு எப்படிப் பதிலாகும்?

எதிர்த்தரப்புக்கும் இதே பதில்தான். எல்லாம் அணுக்களே, ஆகவே வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று விரக்தியோடு பேசுகிற பகுத்தறிவாளர்களும் உண்டு. அவர்கள் செய்வதும் அதே தவறு. உலகம் எதனால் ஆனது என்பதற்கும் ஒருவர் எதற்காக வாழ்வது என்பதற்கும் நடுவில் அவர்கள் போடும் ‘ஆகவே’ வெறும் ஆசையிலோ அசதியிலோ பிறந்தது. என் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று இரவு இரண்டு மணிக்குக் கேட்கிறவர் பிரபஞ்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, இந்த வேலையில் இருபது வருடம் போனால் மிஞ்சுவது என்ன, நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறையும் என்றுதான் கேட்கிறார். அவர் கேட்பதில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. கிடைக்கும் பதிலில் ஒரு பெயர்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த நம்பிக்கை எந்தத் தத்துவத்தின் தோளில் ஏறி வருகிறதோ, அந்தத் தத்துவமே இதை ஏற்காது. இதே கர்நாடகத்தில் சிருங்கேரியில் மடம் அமைத்ததாகச் சொல்லப்படும் சங்கரர், பிரம்ம விசாரத்துக்கு வருகிறவனிடம் நான்கு தகுதிகளைக் கேட்கிறார். நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிய வேண்டும். இம்மையிலும் மறுமையிலும் பலன் அனுபவிக்கும் ஆசை அற்றிருக்க வேண்டும். மனஅடக்கம், புலனடக்கம் முதலான ஆறு குணங்கள் வேண்டும். விடுதலை வேட்கை வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பின் விளம்பரமோ அடுத்த அப்ரைசலில் நன்றாக மிளிரலாம், உறவுகள் செழிக்கும், உங்களுக்கே உரிய தனித்துவமான நோக்கத்தைக் கண்டடையலாம் என்கிறது. பலனில் ஆசை அற்றவனுக்கான பாதையைப் பலன் பட்டியல் போட்டு விற்கிறார்கள்.

அதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. அத்வைதம் ‘உன்’ அர்த்தத்தைக் கண்டுபிடித்துத் தரும் தத்துவம் அல்ல. அர்த்தம் கேட்கிற இந்த ‘நீ’யே அறியாமையால் விளைந்த தோற்றம் என்கிற தத்துவம் அது. திருவண்ணாமலையில் ரமணரிடம் 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ என்ற சிறுநூலைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அந்த விசாரணை கேட்பவரையே கரைக்கப் பார்க்கிறது. அவர் கையில் நோக்கச் சான்றிதழ் எதையும் கொடுப்பதில்லை. அதற்கு ரமணர் கட்டணம் வாங்கவும் இல்லை. விடியுமுன்பே எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினார். நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்ற புத்தரிடமும் உன் உண்மையான சுயத்தை விரித்துக் காட்டும் சேவை கிடைக்காது. பழைய தத்துவங்கள் கடுமையானவை, அகங்காரத்துக்கு அவை உலை வைத்தன. நாமோ அந்த உலையை அணைத்துவிட்டு, அகங்காரத்துக்குப் பட்டுக் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சாஸ்திரம் கைவிட்டால் அடுத்து விஞ்ஞானத்தைக் கூப்பிடுவார்கள். குவாண்டம் இயற்பியல் இதை நிரூபித்துவிட்டது, மூளை ஆய்வு இதை ஒப்புக்கொண்டுவிட்டது என்பார்கள். ஒப்புக்கொண்டதா? பிரக்ஞைக்குக் காரணமான மூளைச் செயல்பாடு 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோச் 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில், பிரக்ஞை ஆய்வாளர்களின் மாநாட்டு மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தவர், இன்னும் தெரியவில்லை என்கிறார். பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழக வளாகத்தில் நியாஸ் இருக்கிறது. ஜே.ஆர்.டி. டாடாவின் எண்ணத்தில் உருவாகி, 1988இல் ராஜா ராமண்ணாவை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய நிறுவனம். தத்துவமும் அறிவியலும் ஒன்றாக அமர்ந்து பிரக்ஞையைப் பற்றிப் பேசும் இடம் அது. அங்கே கேள்வி திறந்தே இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டே நாளில் அது எப்படி மூடிக்கொள்கிறதோ தெரியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் மனச்சோர்வு கொண்ட 45 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்கு வாழும் கலை அமைப்பின் சுதர்சன் கிரியா மூச்சுப் பயிற்சி. நான்கு வாரத்தில் நோய்க்குறிகள் தணிந்தவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். சிறிய ஆய்வுதான் என்றாலும் மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பயிற்சியால் பிழைத்தவரிடம் போய் அது ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நிம்ஹான்ஸ் அங்கே அளந்தது நோயின் கடுமையை. வாழ்க்கையின் அர்த்தத்தையும் பிரபஞ்சத்தின் அடித்தளத்தையும் அது அளக்கவில்லை. தலைவலி மாத்திரை தலைவலியைத் தீர்த்ததற்காக, அந்த மாத்திரைக் கம்பெனி உலகத்தைப் பற்றிச் சொல்வதையெல்லாம் யாரும் நம்புவதில்லை. மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் அந்தச் சலுகையை ஏன் கொடுக்கிறோம்?

இந்தக் கேள்வியை இந்த ஊரில் உரக்கக் கேட்ட ஒருவர் இருந்தார். எச். நரசிம்மையா. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1962இல் பெங்களூர் சயன்ஸ் ஃபோரத்தை நிறுவி, பசவனகுடி நேஷனல் கல்லூரியில் வாராவாரம் சாதாரண மக்களுக்கு அறிவியல் உரைகளை நடத்தவைத்தவர். பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976இல் அற்புதங்களை ஆராய ஒரு குழுவை அமைத்து, சாயிபாபாவுக்குக் கடிதங்கள் எழுதினார். சோதனைக்கு உட்படுத்தக்கூடிய சூழலில் செய்து காட்டுங்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை. விபூதி வரவழைப்பதை இன்று மென்பொருள் பொறியாளர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அற்புதம் இப்போது உள்ளே குடியேறிவிட்டது. ‘நான் உணர்ந்தேன்’ என்பதுதான் இன்றைய விபூதி. உணர்ந்தது உணர்வாக உண்மையே. யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்த உணர்வு உலகத்தைப் பற்றிச் சொல்லும் சேதி உண்மையா என்பது வேறு கேள்வி. நரசிம்மையா வெளியே வைத்த சோதனையை நாம் உள்ளேயும் வைக்க வேண்டும். நாத்திகர் என்று திட்டப்பட்ட அந்த மனிதர் திருமணம் செய்துகொள்ளாமல், கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்து 2005இல் காலமானார். அவர் வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்ததா என்று அந்தக் கல்லூரியில் படித்த யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது தத்துவப் பிழை. பிழை மட்டும்தான் என்றால் இவ்வளவு கோபம் தேவையில்லை. இந்த நம்பிக்கையால் ஆதாயம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் கோபத்துக்குக் காரணம்.

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2023 அக்டோபரில். 90 மணி நேரம் என்று ஏலத்தை ஏற்றினார் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், 2025 ஜனவரியில். இடையில் 2024இல் கர்நாடக அரசு இரண்டு காரியங்கள் செய்தது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, குறைதீர்ப்பு ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்கச் சொன்ன 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்குத் தந்திருந்த விலக்கை மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஐ.டி. துறையில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தைப் பற்றியும் யோசித்தது. கே.ஐ.டி.யூ. என்ற ஐ.டி. ஊழியர் சங்கம் தெருவில் இறங்கி எதிர்த்தது.

இப்போது ஹெச்.ஆரிடமிருந்து வரும் மின்னஞ்சலைப் பாருங்கள். புதன்கிழமை மதியம் ஒரு மணி நேரம் மைண்ட்ஃபுல்னெஸ். பர்ன்அவுட்டை வெல்வது எப்படி. உங்கள் உள்நோக்கத்தைக் கண்டறியுங்கள். வேலை உங்களை உருக்கினால் வேலையில் கோளாறில்லை, அதை எதிர்கொள்ளும் உங்கள் மனதில்தான் கோளாறு என்பது இதன் உட்பொருள். 12 மணி நேர வேலையைக் குறைக்கப் பணம் செலவாகும். 12 மணி நேர வேலையைப் பிரக்ஞையோடு செய்யச் சொல்ல ஒரு பயிற்சியாளரின் கட்டணம் போதும். ‘உள்ளே பார்’ என்பது இங்கே ‘வெளியே பார்க்காதே’ என்பதாகிவிடுகிறது. எந்த குருவும் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். அந்த வாக்கியத்தால் நிர்வாகத்துக்கு என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே ஊரில் இன்னொரு காட்சி. 2016 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பி.எஃப். விதியை மாற்றியது. முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களில் 58 வயதுவரை அந்தத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கடனுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் கைகொடுப்பது அந்தப் பணம் ஒன்றுதான். ஏப்ரல் 18, 19 தேதிகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரிய தலைவர் யாரும் அழைக்கவில்லை. பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையும், பீன்யாப் பக்கம் தும்கூர் சாலையும் நின்றுபோயின. தடியடி நடந்தது, பேருந்துகள் எரிந்தன. அந்த வன்முறையை நியாயப்படுத்த வேண்டியதில்லை. 19ஆம் தேதி மாலைக்குள் ஒன்றிய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. நாடு முழுவதும் உள்ள பி.எஃப். சந்தாதாரர்களுக்கு, கண்ணாடிக் கட்டடங்களில் தியானம் பழகியவர்கள் உட்பட, அந்தப் பெண்கள் வாங்கிக் கொடுத்தது அது.

உழைக்கும் ஏழைகளுக்கு அர்த்தம் தானாகவே கிடைத்துவிடுகிறது, படித்தவர்களுக்குத்தான் நோய் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களை இன்னொரு விதத்தில் அவமதிப்பது; அவர்களும் இரவில் தூக்கமில்லாமல் புரள்கிறவர்கள்தான். நான் சொல்வது வேறு. அந்த இரண்டு நாளில் அவர்கள் செய்ததற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாருக்காக, எதற்காக என்பது ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்றவளுக்கும் தெரிந்திருந்தது. அர்த்தம் பிறக்கும் விதம் அதுதான். இன்னொருவர் இல்லாமல் அது பிறப்பதில்லை.

எல்லோரும் ஒன்றே என்ற உயர்ந்த உணர்விலிருந்துதானே சமத்துவமும் பிறக்கும் என்று கேட்பார்கள். அழகான வாதம். அதற்கு அம்பேத்கர் எப்போதோ கணக்குப் பார்த்துவிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ‘இந்து மதத்தின் புதிர்கள்’ நூலில் இதற்கென்றே ஒரு புதிர் வைக்கிறார். எல்லோரிடமும் இருப்பது ஒரே பிரம்மம் என்ற கொள்கையைவிட ஜனநாயகத்துக்கு வலுவான அடித்தளம் வேறு கிடைக்காது. அப்படியிருந்தும் அது சமூகத்தில் ஏன் எந்த விளைவையும் உண்டாக்கவில்லை என்று கேட்கிறார். பிரம்மம் தத்துவமாகவே நின்றுவிட்டது, அறமாக மாறவில்லை என்பது அவர் கண்டது. பல நூற்றாண்டுகள் நடந்த சோதனை இது. எல்லா உயிரிலும் ஒன்றே உறைகிறது என்று காலையில் ஓதியவர்கள் மாலையில் கிணற்றைப் பூட்டினார்கள். ஓதியதற்கும் பூட்டியதற்கும் நடுவில் அவர்களுக்கு எந்த நெருடலும் இருக்கவில்லை. அந்த உண்மை எந்தச் செயலையும் கோரவில்லை என்பதால்தான் நெருடல் இல்லை.

கோரிய மரபுகளும் இருந்தன, இந்த மண்ணிலேயே. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சுற்றிக் கூடிய சரணர்கள் என்ற சிவனடியார்களுக்கு அக அனுபவம் முக்கியம். ஆனால் அந்த அனுபவத்தை அனுபவ மண்டபத்தில் பலர் முன் வைத்துப் பேச வேண்டியிருந்தது என்கிறது மரபு. செருப்புத் தைத்தவர், படகு ஓட்டியவர், துணி வெளுத்தவர் எல்லோரும் அங்கே வசனம் என்ற கவிதைகளைப் பாடிய வசனகாரர்கள். ஆய்தக்கி லக்கம்மா கதை கன்னட நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சிந்திய அரிசியைப் பொறுக்கிவந்து சமைத்துப் பகிர்வது அவளும் கணவன் மாரய்யாவும் செய்த காயகம், அதாவது வழிபாடாகவே செய்யும் உழைப்பு. ஒருநாள் மாரய்யா வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்துவிட்டார். தேவைக்கு மேல் எதற்கு, கொண்டுபோய்த் திரும்பக் கொட்டிவிட்டு வா என்றாள் லக்கம்மா. ஞானம் பலித்ததா என்பதற்கு அங்கே அளவுகோல் அரிசி.

நம் பக்கம் வள்ளலார். அருட்பெருஞ்ஜோதி என்று அவரைப்போல் உள்ளொளியைப் பேசியவர் தமிழில் குறைவு. வடலூரில் அவர் முதலில் கட்டியது எது? 1867இல் தருமச்சாலை, சோறு போடும் இடம். சத்திய ஞானசபை வந்தது 1872இல். அடுப்புக்கும் ஜோதிக்கும் நடுவில் ஐந்து வருடம், அதில் அடுப்புதான் முந்தியது. அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் நான் என்னைக் கண்டடைகிறேன், பிறகு உலகத்துக்கு உதவுகிறேன் என்கிறோம். அந்தப் ‘பிறகு’ வந்ததாகத் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்புகளில் மேற்கோளாக அடிக்கடி அடிபடும் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலுக்கும் இதே கதிதான். நாஜி வதைமுகாம்களில் மனைவியையும் பெற்றோரையும் இழந்து, தான் மட்டும் மீண்டு, 1946இல் எழுதிய புத்தகத்திலிருந்து, மனநிலையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறார்கள். மனிதன் தன் மனதுக்குள் துழாவி அர்த்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அது வெளியே உலகத்தில், செய்ய வேண்டிய வேலையிலும் நேசிக்கும் மனிதரிலும் இருக்கிறது என்று அவர் அழுத்திச் சொன்னது அந்தப் பவர்பாயின்டில் வருவதே இல்லை.

தியானம் பழகுகிறவர்கள் பழகட்டும். தூக்கம் வந்தால் நல்லது, கோபம் குறைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்லது. பிரக்ஞை என்றால் என்ன என்பது மனிதன் கேட்ட மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று. அதை ஆராய்கிறவர்கள் ஆராயட்டும், நாமும் படிப்போம். ஆனால் இந்த இரண்டையும் காட்டி மூன்றாவதாக ஒன்றை, நம் வாழ்க்கையின் அர்த்தத்தை, யாரேனும் விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் யாருக்கு, என்ன செய்யக் கடமைப்பட்டவன்? ஆட்களின் பெயரோடும் செய்ய வேண்டிய வேலையோடும் பதில் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கும் ‘உள்ளே பாருங்கள்’ என்றே பதில் வந்தால் எழுந்துகொள்ளுங்கள். வெளியே வரும்போது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க மறக்காதீர்கள்.